சிங்கப்பூர் வானில் நெபுலாப் படம்: தொடக்கநிலையினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வானின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் டிராக்கரும் கேமராவும் வாங்கியாயிற்று. விண்வெளியில் ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலா மங்கலாக ஒருமுறை பதிவும் ஆகிவிட்டது. ஆனால் படம் சொரசொரப்பாக இருக்கிறது, பின்னணி ஆரஞ்சாகவோ சாம்பலாகவோ வெளிறிக் கிடக்கிறது. அடுத்து எதைத் திருத்துவது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்களை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் நெபுலாப் படத்தை மேம்படுத்துவது, ஒரே இலக்கின் மேல் பல இரவுகளாகச் சேர்க்கும் நேரம். கருவிகளைப் பற்றிய பதில்கள் எல்லாம் அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்கான வழிகள்தாம்.

இவ்வளவு வெளிச்சமான ஊரிலிருந்து நெபுலாவைப் படமெடுக்க உண்மையிலேயே முடியுமா?

முடியும். வெளிச்சத்தின் அளவைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. 2016இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ ஆய்விதழில் வந்த உலக வான்வெளிச்ச வரைபடம், ஒளி மாசு மிகுந்த நாடாகச் சிங்கப்பூரையே குறிப்பிட்டது. இங்கு வாழும் அனைவரின் தலைக்கு மேலும் உள்ள வானம், கண் முழுமையாக இருளுக்குப் பழக முடியாத அளவுக்கு ஒளிர்கிறது என்றது அந்த ஆய்வு. வானத்தை ஒன்று (மிக இருண்டது) முதல் ஒன்பது (மிக வெளிச்சமானது) வரை மதிப்பிடும் போர்ட்டில் அளவுகோலில் நம்முடையது எட்டு அல்லது ஒன்பது.

ஆனால் நமக்குச் சாதகமான ஓர் இயற்பியல் உண்மை இருக்கிறது. தாமே ஒளிரும் வாயு மேகங்களான உமிழ்வு நெபுலாக்கள் எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. அவற்றின் ஒளியில் பெரும்பங்கு சில குறுகிய அலைநீளங்களில் குவிந்திருக்கிறது: ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், ஆக்சிஜன்-மூன்று 500.7 நானோமீட்டர், கந்தகம்-இரண்டு 672 நானோமீட்டரை ஒட்டி. நகரத்தின் ஒளியோ எல்லா அலைநீளங்களிலும் பரந்து கிடக்கிறது. இவற்றில் இரண்டுக்கு மட்டும் குறுகிய சன்னல்களைத் திறந்து வைத்து மற்றதை அடைத்துவிட்டால், அடைபடுவது பெரும்பாலும் நகரத்தின் ஒளி; உள்ளே வருவது பெரும்பாலும் நெபுலா.

எந்த நெபுலாவில் தொடங்கலாம்? எந்த மாதத்தில்?

நாம் நிற்பது வட அட்சம் 1.3 டிகிரியில். வடவானம், தென்வானம் இரண்டும் ஏறத்தாழ முழுமையாக நமக்குக் கிடைக்கின்றன. ஐரோப்பாக் கண்டத்தில் எங்கிருந்தும் பார்க்க முடியாத கரினா நெபுலா நமக்குத் தெற்கே 29 டிகிரி உயரத்துக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் அடிவானத்தை ஒட்டியே தெரியும் வட அமெரிக்கா நெபுலா இங்கே 47 டிகிரி வரை ஏறுகிறது. ஒளி மாசைப் பற்றிப் புலம்பும்போது இந்தச் செல்வத்தை மறந்துவிடுகிறோம்.

தொடக்கத்துக்கு ஓரியன் நெபுலாவான எம்42. திருவாதிரை நட்சத்திரத்தை அடையாளம் காணத் தெரிந்தவருக்கு இதைத் தேடவே வேண்டாம். அதே ஓரியன் மண்டலத்தில், மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில் இருக்கிறது. நம்மிடமிருந்து சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவு. பிப்ரவரி நடுப்பகுதியில் இரவு 9 மணியளவில் ஏறத்தாழ உச்சிக்கே வந்துவிடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் ரோசெட் நெபுலா அதைவிட உயரமாக, 86 டிகிரிக்கு ஏறும். வடகிழக்குப் பருவக்காற்றின் மழைக்கட்டம் பெரும்பாலும் ஜனவரியோடு ஓய்ந்து, பிப்ரவரியில் வறண்ட காற்று வீசும். நல்ல வானமும் நல்ல இலக்கும் ஒன்றாக அமையும் மாதம் அதுதான். ஆகவே பிப்ரவரியில் வரும் அமாவாசையைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மார்கழித் திருவாதிரை நாளில் முழுநிலவு அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும். தரிசனத்துக்கு உகந்த இரவு, ஓரியனைப் படமெடுக்க மிக மோசமான இரவு.

ஏப்ரல், மே மாதங்களில் கரினா. ஜூலை, ஆகஸ்டில் தனுசுவிலுள்ள லகூன் நெபுலா 64 டிகிரி உயரத்தில், அதற்கு வடக்கே ஸ்வான், ஈகிள் நெபுலாக்கள். அந்த மாதங்களில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் கருவியை வெளியே எடுக்காதீர்கள். ஃபில்டரால் புகையைத் தாண்ட முடியாது.

எந்த ஃபில்டர் வாங்குவது?

வண்ணக் கேமரா வைத்திருப்பவர் ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்கப்போகிறார் என்றால், ஹைட்ரஜன்-ஆல்ஃபாவையும் ஆக்சிஜன்-மூன்றையும் மட்டும் விடும் டூயல்-பேண்ட் ஃபில்டரை வாங்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பரப்பு ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஏழு நானோமீட்டர் அகலமுள்ள இரண்டு பட்டைகள் அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடுகின்றன. நம் வானத்தில் அந்த வேறுபாடு முதல் படத்திலேயே கண்ணில் படும்.

‘ஒளி மாசு ஃபில்டர்’ என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் பழைய வகைகளை வாங்காதீர்கள். அவை சோடியம், பாதரச விளக்குகளின் குறிப்பிட்ட நிறங்களைத் தடுக்க உருவானவை. நம் சாலைகளில் இன்று எரிபவை வெள்ளை எல்இடி விளக்குகள். அவற்றின் ஒளி தொடர்ச்சியாகப் பரந்தது, வெட்டியெடுக்கத் தனிக்கோடு எதுவும் இல்லை. எல்இடியிலும் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. அதன் நீல முகட்டுக்கும் மஞ்சள் மேட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் அருகில்தான் ஆக்சிஜனின் 500 நானோமீட்டர் கோடு விழுகிறது.

மூன்று நானோமீட்டர் ஃபில்டர் இன்னும் சிறந்தது. ஆனால் எஃப்/2 போன்ற மிக வேகமான (அகன்ற துளையுள்ள) லென்ஸில் ஒளி சாய்வாக நுழைவதால் அதன் பட்டை நீலப் பக்கம் நகர்ந்துவிடும். நெபுலாவின் ஒளியே வெட்டுப்படும். உங்கள் லென்ஸின் எஃப் எண்ணுக்கு அது ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீல மேகத்துக்கும் இதே ஃபில்டர் உதவுமா?

உதவாது. அது நட்சத்திர ஒளியைச் சிதறடிக்கும் தூசு. அதன் ஒளியும் தொடர்ச்சியானது என்பதால் ஃபில்டர் அதையும் சேர்த்தே அடைத்துவிடும். எம்78, டிரிஃபிட் நெபுலாவின் நீலப் பகுதி ஆகியவையும் இப்படித்தான். இவற்றை இருண்ட ஊருக்குப் போகும் நாளுக்கு ஒதுக்கிவையுங்கள்.

என்னிடம் சாதாரண டிஎஸ்எல்ஆர்தான் இருக்கிறது. போதுமா?

கற்றுக்கொள்ளப் போதும். அதன் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி, ஹைட்ரஜன்-ஆல்ஃபாவின் பெரும்பகுதியைத் தடுத்து ஒரு சிறு பங்கையே உள்ளே விடுகிறது. எம்42 பிரகாசமானது என்பதால் அதையும் மீறிப் பதிவாகும். ரோசெட், குதிரைத்தலை போன்ற செந்நிற நெபுலாக்களில்தான் இழப்பு தெரியும். அந்தக் கண்ணாடியை மாற்றித் தரும் சேவை கிடைத்தால் பழைய கேமரா ஒன்றை அதற்கு ஒப்படைக்கலாம்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், குளிரூட்டப்பட்ட வானியல் கேமராவையே பரிந்துரைப்பேன். காரணம் நம் வெப்பம். சென்சாரின் வெப்ப மின்னோட்டம் ஏறத்தாழ ஆறு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. இரவிலும் 26, 27 டிகிரி இருக்கும் ஊரில் டிஎஸ்எல்ஆரின் உட்புறம் இன்னும் சூடாகி, படமெங்கும் வண்ணப் புள்ளிகளைத் தூவும். இணைய வழிகாட்டிகளில் ‘மைனஸ் 20இல் வையுங்கள்’ என்று படித்துவிட்டு அப்படியே செய்யாதீர்கள். அது குளிர்நாட்டு அறிவுரை. பெரும்பாலான கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரிதான் குறைக்கும். நமக்கு 0 அல்லது மைனஸ் 5 பொருத்தம். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வைத்தால் சென்சாரின் இரைச்சலைக் கழிப்பதற்காக மூடியை மூடி எடுக்கும் டார்க் படங்களையும் மறுபடி மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

துருவ நட்சத்திரமே தெரியவில்லையே, மவுண்டை எப்படிச் சீரமைப்பது?

நம் ஊர்க்காரர்களை அதிகம் சோர்வடையச் செய்வது இதுதான். கேமராவைத் தாங்கி வானோடு சுழற்றும் மவுண்டின் அச்சு வானின் வடதுருவத்தை நோக்க வேண்டும்; அதற்கு அடையாளம் துருவ நட்சத்திரம். துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்துக்கு மேலே ஒரு டிகிரி அளவில்தான் நிற்கிறது. ஈரக்காற்றும் ஜொகூரின் வெளிச்சமும் எதிரே உள்ள புளோக்கும் அதை மறைத்துவிடும். அதைக் குறிபார்க்க மவுண்டோடு வரும் துருவத் தொலைநோக்கியை எடுத்து வைத்துவிடுங்கள், இங்கே அதற்கு வேலை இல்லை.

முதலில் முக்காலியை நீர்மட்டத்தால் சமன் செய்யுங்கள். அதன்பின் மவுண்டின் அச்சைச் சாய்வுமானியால் 1.3 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், அதாவது ஏறத்தாழப் படுத்த நிலை. திசைக்குக் கைபேசியின் திசைகாட்டி போதும். சிங்கப்பூரில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வேறுபாடு ஒரு டிகிரிக்கும் குறைவு. ஆனால் கைபேசியை முக்காலியின் இரும்பிலிருந்தும் கான்கிரீட் தரைக்குள் ஓடும் கம்பிகளிலிருந்தும் விலக்கிப் பிடியுங்கள்.

துல்லியமான திருத்தத்தை மென்பொருளிடம் விடலாம். வானில் திறந்திருக்கும் எந்தப் பகுதியையும் நோக்கிக் கேமராவைத் திருப்பினால் போதும். மவுண்டைச் சிறிது சிறிதாகச் சுழற்றி மூன்று படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எங்கே நோக்குகிறது என்று அது கணக்கிடும். நினா என்ற இலவச மென்பொருளுக்கான மூன்று-புள்ளிச் செருகுநிரல் இதைச் செய்கிறது. கணினி இல்லாதவர் நட்சத்திர நகர்வு முறையைப் பயன்படுத்தலாம்: தலைக்கு மேலே உச்சிக்கோட்டில் உள்ள ஒரு நட்சத்திரம் வடக்கு-தெற்காக நகர்ந்தால் திசையைத் திருத்துங்கள்; கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக உள்ள நட்சத்திரம் நகர்ந்தால் அச்சின் சாய்வைத் திருத்துங்கள். பொறுமை வேண்டும், செலவே இல்லை.

மவுண்ட் வாங்கும் முன் அது எத்தனை டிகிரி அட்சரேகை வரை இறங்கும் என்று கட்டாயம் பாருங்கள். சில மாதிரிகள் இவ்வளவு தாழ்வாக இறங்குவதில்லை. இறங்கினாலும் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலிக்கு மேலே ஒரு நீட்டிப்புத் தூண் வைத்தால் இடைவெளி கிடைக்கும். எதிர் எடையே தேவைப்படாத ஹார்மோனிக் வகை மவுண்டுகள் இந்த ஊருக்கு மிகவும் ஒத்துப்போகின்றன.

ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை விநாடி? மொத்தம் எவ்வளவு நேரம்?

இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய படம் முன்னேறாமல் நிற்கிறது.

தனிப்படத்தின் நீளம், ஒவ்வொரு படத்தையும் வாசிக்கும்போது கேமராவே சேர்க்கும் வாசிப்பு இரைச்சலை வானத்தின் வெளிச்சம் மிஞ்சும் அளவுக்கு இருந்தால் போதும். நம் வெளிச்சத்தில் அந்த எல்லை விரைவிலேயே வந்துவிடும். ஃபில்டர் இல்லாமல் எஃப்/5 கருவியில் 20, 30 விநாடி. டூயல்-பேண்ட் ஃபில்டருடன் இரண்டு முதல் ஐந்து நிமிடம். அதற்கு மேல் நீட்டினால் நட்சத்திரங்கள் வெளுத்து நிறமிழக்கும். காற்றோ விமானமோ கெடுத்தால் இழப்பும் பெரிது. கேமரா காட்டும் வெளிச்சப் பரவல் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு இடது ஓரத்தை விட்டு விலகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது மொத்த நேரம். நெபுலாவின் ஒளியான சமிக்ஞைக்கும் சொரசொரப்பான இரைச்சலுக்கும் உள்ள விகிதம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயர்கிறது. ஒரு மணி நேரப் படத்தைப்போல் இரு மடங்கு தூய்மை வேண்டும் என்றால் நான்கு மணி நேரம், மூன்று மடங்குக்கு ஒன்பது மணி நேரம். ஒரே இரவில் நான்கு இலக்குகளைத் தொட்டுவிட்டு வருபவரிடம் நான்கு சொரசொரப்பான படங்கள் இருக்கும். அதே நேரத்தை ரோசெட்டுக்கு மட்டும் கொடுத்தவரிடம், பார்த்தவர்கள் ‘இது சிங்கப்பூரில் எடுத்ததா?’ என்று கேட்கும் ஒரு படம் இருக்கும்.

நம் ஊரில் மேகம் ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் வழிவிடுவது அரிது. ஆகவே இரவுகளைச் சேருங்கள். இன்று நாற்பது நிமிடம், வரும் வாரம் ஒன்றரை மணி, அடுத்த அமாவாசைக்கு இன்னும் இரண்டு. ஒரே கேமரா, ஒரே கோணம், ஒரே ஃபில்டர் என்று வைத்துக்கொண்டால் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஸ்டேக்கிங் மென்பொருள் அனைத்தையும் ஒன்றாக்கிவிடும். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் எடுப்பதையும் இதோடு சேர்க்கலாம். ஹைட்ரஜன் மேகம் அங்கேயேதான் இருக்கும்.

படங்களுக்கு இடையில் சட்டகத்தைச் சில பிக்செல்கள் நகர்த்தும் டிதரிங் வசதியைக் கட்டாயம் இயக்குங்கள். அது இல்லாவிட்டால் சென்சாரின் நிலையான கறைகள் ஒரே திசையில் கோடுகோடாக இழுபட்டு, எத்தனை மணி நேரம் சேர்த்தாலும் போகாமல் நிற்கும்.

விமானங்கள் ஒவ்வொரு இரவும் சட்டகத்தைக் கிழித்துக்கொண்டு போகின்றனவே?

சாங்கி விமான நிலையம் இருக்கும் தீவில் அது தவிர்க்க முடியாதது. இருபதுக்கும் மேற்பட்ட படங்களை ஸ்டேக் செய்யும்போது, மற்றவற்றோடு ஒத்துப்போகாத புள்ளிகளை மென்பொருள் நீக்கிவிடும். கோடு விழுந்த படத்தைத் தூக்கியெறிய வேண்டாம். இலக்கைக் காட்டுவதற்காக லேசர் ஒளியை வானில் பாய்ச்சாதீர்கள். விமானிகளின் கண் கூசினால் விளைவு பெரிது.

ஃபிளாட், டார்க் படங்கள் கட்டாயமா?

ஃபிளாட், அதாவது லென்ஸின் குறைகளைக் கழிப்பதற்காகச் சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம், கட்டாயம். நம் பின்னணி வெளிச்சம் அதிகம் என்பதால் லென்ஸின் ஓர இருட்டும் தூசு வளையங்களும் இங்கே பன்மடங்கு துருத்தித் தெரியும். ஃபோகஸையும் கேமராவின் கோணத்தையும் மாற்றாமல் அதே அமர்வில் எடுங்கள். லென்ஸின் மேல் வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போர்த்தி, சீரான வானத்தை நோக்கினால் போதும். ஆனால் இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி விரைவிலேயே முடிந்துவிடும். அவசரம் பிடிக்காதவர் எல்இடி ஒளிப்பலகை வாங்கிக்கொள்ளலாம். டார்க் படங்களை அதே வெப்பநிலையில், அதே விநாடிக்கு, மூடியை மூடி எடுக்க வேண்டும்.

எடிட்டிங்கில் எங்கே தவறு நடக்கிறது?

வரிசையில். ஸ்டேக் செய்து முடித்த படம் ஏறத்தாழக் கறுப்பாகத் தெரியும். ஆவலில் உடனே வெளிச்சத்தை இழுத்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் புளோக் விளக்கிலிருந்து வந்த வெளிச்சச் சரிவும் நெபுலாவோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. படம் கறுப்பாக இருக்கும்போதே ஓரங்களை வெட்டி, கிராக்ஸ்பர்ட் அல்லது சிரில் கொண்டு பின்னணிச் சரிவை நீக்கி, நிறத்தைச் சமன் செய்யுங்கள். இந்த இரண்டு மென்பொருள்களும் இலவசம். அதற்குப் பின்னரே வெளிச்சத்தை உயர்த்துங்கள், அதுவும் பல சிறு படிகளாக. ஸ்டார்நெட் மூலம் நட்சத்திரங்களைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டு நெபுலாவை மட்டும் உயர்த்தினால் நட்சத்திரங்கள் வீங்காது.

எம்42இன் நடுப்பகுதியில் உள்ள டிரபீசியம் நட்சத்திரங்கள் எளிதில் வெளுத்துப்போகும். ஐந்து விநாடிப் படங்கள் சிலவற்றைத் தனியே எடுத்து அந்த இடத்தில் கலந்துகொள்ளுங்கள்.

பின்னணியை மைக்கறுப்பாக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நெபுலாவின் விளிம்பிலுள்ள மெல்லிய புகைதான் முதலில் அழிந்துபோகும். பல இரவு உழைப்பு அந்த மெல்லிய பகுதியில்தான் இருக்கிறது. அதேபோல், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத இழைகளைப் புனைந்துவிடக்கூடும். ஐயம் வந்தால் மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கி போதுமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இடமும் நேரமும் குறைவாக உள்ள குடும்பத்துக்கு அது நல்ல தொடக்கம். 50 மில்லிமீட்டர் துளை, 250 மில்லிமீட்டர் குவியத்தூரம், டூயல்-பேண்ட் ஃபில்டரும் உள்ளேயே இருக்கிறது. மேல்-கீழ், இட-வலமாக மட்டும் சுழலும் கருவிகளில் சட்டகம் மெல்லச் சுழலும் என்பது குறை. ஆனால் ஓரியன், ரோசெட் போன்றவை நமக்குக் கிழக்கிலிருந்து ஏறத்தாழ நேராக மேலேறுவதால் அந்தச் சுழற்சி மிகக் குறைவு. உச்சியை நெருங்கும்போதுதான் கட்டுக்கடங்காமல் போகும். 75 டிகிரிக்கு மேல் ஏறியதும் வேறு இலக்குக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எங்கே நின்று எடுப்பது?

வீட்டருகிலேயே. நேரம்தான் முக்கியம் என்றால், அடிக்கடி போகக்கூடிய இடமே சிறந்த இடம். பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம், விளக்குக் கம்பங்கள் தாழ்வாக உள்ள திடல், கிழக்குக் கடற்கரைப் பூங்கா ஆகியவை பயன்படும். கடற்கரையிலிருந்து தெற்கே பார்த்தால் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் இருந்தாலும் கரினாவுக்குத் தடையற்ற அடிவானம் கிடைக்கிறது. லிம் சூ காங் பக்கம் போகிறவர்கள் ராணுவப் பகுதிகளின் அறிவிப்புப் பலகைகளை மதித்து நடங்கள். நள்ளிரவில் யாராவது வந்து விசாரித்தால் திரையில் நெபுலாவைக் காட்டுங்கள். பெரும்பாலானோர் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

நிலவு இருக்கும் இரவுகளில்?

ஹைட்ரஜன்-ஆல்ஃபாவை எடுக்கலாம். ஆக்சிஜன் கோடு நிலவொளியால் அதிகம் பாதிக்கப்படும்.

இருண்ட வானத்துக்காக மலேசியாவின் மெர்சிங் வரை போவது பயனுள்ளதா?

நீல மேகங்களுக்கும் பால்வீதிக்கும் கட்டாயம் பயனுள்ளது. ஆனால் ஜொகூரின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களைத் தவிர்த்து, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை திட்டமிடுங்கள். கருவிகளின் ரசீது நகல்களை உடன் வைத்திருந்தால் சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்வது எளிது.

பனியும் பூஞ்சையும் லென்ஸைக் கெடுக்காமல் இருக்க என்ன செய்வது?

குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த லென்ஸ் வெளிக்காற்று பட்டதும் மூடுபனி படர்ந்துபோகும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்து வெப்பநிலை சமமானபின் திறங்கள். லென்ஸின் முகப்பில் வெப்பப்பட்டை ஒன்றைச் சுற்றி, குறைந்த வெப்பத்தில் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். திரும்பி வந்ததும் ஈரத்தோடு பைக்குள் அடைத்து வைக்காமல், காற்றாடி அறையில் உலரவிட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் மின்சார உலர்பெட்டியில் வையுங்கள். ஃபில்டரையும் சேர்த்து வையுங்கள். அதன் பூச்சிலும் பூஞ்சை பிடிக்கும்.